ஆவாரம் பட்டையும் தாராவித் தமிழரும்

மானாவாரி நிலத்து வரப்புகளிலும், ஏரிக்கரைச் சரிவுகளிலும், கரிசல்காட்டு வண்டிப்பாதை ஓரங்களிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையைத் தமிழ்நாட்டில் பிறந்தவர் எவரும் அறிவர். போகியன்று வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் அதனைச் சேர்த்து வீட்டு முகப்பில் காப்புக் கட்டும் வழக்கம் இன்றும் பல மாவட்டங்களில் உண்டு. மும்பையில் வாழும் நம்மவர்க்கு அப்பூ பெரும்பாலும் இளமை நினைவாகவே இருந்து வருகிறது. ஆயினும், இந்நகரத்தில் தமிழர் குடியேறிய வரலாற்றில் அச்சிறு மரத்திற்கு ஒரு பங்கு உண்டு. அதனை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழிபெயர்ப்புப் பணி எனக்கு வாய்த்த தொழில். ஒரு சமயம் பழைய பம்பாய் மாகாணத்து விளைபொருள்களின் பெயர்களைத் தமிழாக்க நேர்ந்தது. அவற்றுள் 'தர்வட்' என்றொரு மராத்திச் சொல் இருந்தது. தோல் பதனிடுதற்குரிய பட்டையைத் தரும் செடி என்னும் குறிப்பு அதனை அடுத்து வந்தது. அகராதிகளைப் புரட்டித் தாவரநூற் பெயரைக் கண்டபோதுதான், தர்வட் என்பது நம் ஆவாரையே எனத் தெரிந்தது. தக்காணத்து மேட்டு நிலங்களில் அது தானாகவே வளர்கிறது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ஊரில் விட்டுவந்ததாக நான் எண்ணியிருந்த செடி, எனக்கு முன்னரே இங்கே வேறு பெயரோடு வாழ்ந்து கொண்டிருந்தது. சொல்லைத் தேடிப் போன எனக்கு, அச்சொல்லின் பின்னே ஒரு மக்கட் கூட்டத்தின் கதையும் கிடைத்தது.

முதலில் மரத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஆவாரை கொன்றை இனத்தோடு உறவுடையது. பெரும்பாலும் ஆள் உயரப் புதராகவே நிற்கும். வெட்டாமல் விட்ட இடத்தில் சிறு மரமாகவும் வளரும். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்குக் 'காசியா ஆரிக்குலேட்டா' என்று பெயரிட்டார். இலைக்காம்பின் அடியிலே காதுமடல் போன்ற அகன்ற செதில்கள் இருத்தலின் 'காதுடையது' எனப் பொருள்படும் அப்பெயர் வந்தது. இக்காலத் தாவரநூலார் இதனைச் 'சென்னா' என்னும் பிரிவிற் சேர்த்துள்ளனர். ஆங்கிலேயர் வழங்கிய பெயரோ 'தோல் பதனிடுவோர் கொன்றை' எனப் பொருள்படுவது. தெலுங்கில் தங்கேடு என்றும், கன்னடத்தில் ஆவரிகெ என்றும், சிங்களத்தில் ரணவரா என்றும் இது வழங்கப்படும். 2014ஆம் ஆண்டில் தோன்றிய தெலங்கானா மாநிலம் இதனையே தன் மாநில மலராக ஏற்றுக் கொண்டது.

நம் பழந்தமிழ்ப் புலவர்களுக்கு இதன் மலரே கண்ணிற் பட்டது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் ஆவிரை என்னும் பெயரால் இஃது இடம்பெறுகிறது. காதல் கைகூடாத தலைமகன் பனங்கருக்கால் செய்த மடற்குதிரையில் ஏறி ஊர்த்தெருவில் வருங்கால், எருக்கோடும் பூளையோடும் ஆவிரையைச் சூடி வந்ததாகச் சங்க நூல்கள் கூறும். மருத்துவர்களோ பூ, இலை, காய், பட்டை, வேர் ஆகிய ஐந்தையும் கொண்டாடினர். நீரிழிவுக்குச் சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் பெயர் பெற்றது. ஆவாரை பூத்துக் கிடக்கும் ஊரில் சாவாரும் உண்டோ என வினவும் பழமொழியை நம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். இலங்கையில் இதன் பூவையும் இலையையும் கொதிக்க வைத்துத் தேநீர் போலப் பருகுவர்.

புலவரும் மருத்துவரும் இவ்வாறு போற்றிய செடியை வாணிபம் வேறு கண்ணோடு பார்த்தது. அதன் பட்டையிலே நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு துவர்ப்பொருள் அடங்கியிருக்கிறது. துவர்ப்பு என்பது என்ன செய்யும்? நாவற்காயைக் கடித்தவர் நாவும் கன்னமும் இழுத்துப் பிடிப்பதை உணர்ந்திருப்பர். அங்கே நிகழ்வதே தோற்குழியிலும் நிகழ்கின்றது. பச்சைத்தோல் இரண்டொரு நாளில் அழுகும். உலர்த்தினால் பலகை போல் விறைக்கும். துவர்ப்பொருள் தோலின் நார்களோடு இணைந்து அவற்றைப் பிணித்துவிடுமாயின், அத்தோல் அழுகாது, விறைக்காது, பல்லாண்டு உழைக்கும். தோல் பதனிடுதல் என்னும் தொழிலின் அடிப்படை இதுவே.

எளிதாகச் சொல்லப்படும் இவ்வுண்மையைக் கைத்திறனாக்குதல் எளிதன்று. உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊற வைப்பர். பின்னர்ச் சுண்ணாம்புக் குழியில் பல நாள் இடுவர். மயிர் தளர்ந்தபின் அதனை உருண்ட கட்டையின் மீது விரித்து, இருபுறமும் கைப்பிடியுள்ள கத்தியால் மயிரை வழிப்பர். மறுபுறத்து ஊனைச் செதுக்குவர். சுண்ணாம்பு நீங்கக் கழுவிய பிறகே பட்டைக் குழிக்குத் தோல் செல்லும். அங்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பயன்பட்டு வலுவிழந்த பழைய பட்டை நீர். அடுத்துச் சற்று வலிய நீர். இறுதியிலேதான் புதுப்பட்டை நீர். தொடக்கத்திலேயே வலிய நீரில் இட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகிவிடும். உள்ளே துவர் ஏறாது. எந்நாளில் எக்குழியிலிருந்து எக்குழிக்கு மாற்றுவது என்பதைத் தொழிலாளர் தோலின் ஓரத்தை வெட்டிப் பார்த்தும், விரலால் அழுத்திப் பார்த்தும் அறிந்தனர்.

ஆவாரைத் தோலுக்கு ஒரு குறையும் உண்டு. இளமஞ்சள் நிறத்தோடு அழகாக வெளிவரும் அது, வெயில் பட்டாற் சிவந்துவிடும். அதனைத் தடுக்கும் வழியாகக் கடுக்காய் நீரில் இறுதியாக ஒருமுறை ஊற வைத்தனர். பின்னர்ப் புங்க எண்ணெய் போன்ற எண்ணெயைத் தேய்த்து நிழலில் உலர்த்தினர். கடுக்காய்க்குப் பம்பாய்ப் பக்கத்துக் காடுகளும் பெயர் பெற்றவை. ராஜாப்பூர், வெங்குர்லா என்னும் கொங்கணத் துறைமுகங்களின் பெயர்களாலேயே கடுக்காய் வகைகள் உலகச் சந்தையில் வழங்கப்பட்டன. ஆக, ஆவாரையும் கடுக்காயும் சேர்ந்த இம்முறைக்கு வேண்டிய பொருள்கள் தமிழ் நாட்டிலும் இருந்தன. மேற்குக் கரையிலும் இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறையாற் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரோடு இலண்டன் சந்தைக்குச் சென்றது. சென்னையும், வட ஆர்க்காட்டு ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களும், தெற்கே திருச்சியும் திண்டுக்கல்லும் இதற்குப் பெயர் பெற்றன. முதலிட்டு நடத்தியவருள் தமிழ் முஸ்லிம் வணிகர் பலர். குழியில் இறங்கி உழைத்தவருள் ஆதிதிராவிட மக்கள் மிகப் பலர். 1904ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றித் தனிநூலே எழுதினார். முதல் உலகப் போரின்போது, 1916ஆம் ஆண்டு முதல், தென்னிந்திய மாட்டுத்தோலைப் படைவீரரின் காலணிக்கென்று பிரிட்டிஷ் அரசாங்கம் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தி வாங்கியது. ஐரோப்பியப் போர்க்களத்துச் சேற்றில் நடந்த காலணிகளில் நம் ஊர் ஆவாரையின் துவரும் இருந்தது என்று கருத இடமுண்டு.

இத்தொழில் பம்பாய்க்கு வந்த வழியை இனிக் காண்போம். 1871ஆம் ஆண்டில் ரெய்ச்சூரிலே இரு இருப்புப்பாதைகள் ஒன்று சேர, சென்னைக்கும் பம்பாய்க்கும் நேர்வழி பிறந்தது. ஐந்தாண்டு கழித்து, 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. கூலி தேடி மக்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற காலம் அது. திருநெல்வேலிச் சீமையினின்று ஒரு சாரார் மேற்கு நோக்கியும் வந்தனர். பம்பாயோ பருத்தி ஆலைகளால் வளர்ந்துகொண்டிருந்த நகரம். நகரம் பெருகப் பெருக, நாற்றமுடைய தொழில்கள் அனைத்தையும் எல்லைக்கு வெளியே தள்ளியது. பாந்திராவில் இறைச்சிக் கூடம் இருந்தது. அதற்கும் நகரத்திற்கும் இடையே, மாஹிம் கழிமுகத்தை ஒட்டி, கோலி மீனவர் வாழ்ந்த சதுப்பு நிலம் ஒன்று கிடந்தது. அதுவே தாராவி. பச்சைத்தோல் அருகே கிடைக்கும், நீர் உண்டு, நிலத்துக்குப் போட்டியில்லை. 1887ஆம் ஆண்டில் முதல் தோல் பதனிடும் கூடம் தாராவிக்கு வந்தது.

அதே 1887ஆம் ஆண்டில் தாராவியின் முதற் பள்ளிவாசலாகிய படி மஸ்ஜித் எழுந்தது. 1913ஆம் ஆண்டில் அங்கு எழுந்த கணேசர் கோயிலே தாராவியின் மிகப் பழைய இந்துக் கோயில் என்பர். ஒரு குடியிருப்பின் தொடக்கத்தை அறியக் கல்வெட்டு இல்லாதபோது இத்தகைய கட்டடங்களே சான்றாகின்றன. கூலிக்கு வந்தவன் தொழுகைக்கும் வழிபாட்டிற்கும் இடம் கட்டுகின்றான் எனின், அவன் திரும்பிப் போகும் எண்ணத்தை விட்டு ஊராக வாழத் தொடங்கிவிட்டான் என்று பொருள். மண்பாண்டம் வனையும் சௌராட்டிரக் குயவர் ஒருபுறமும், கோலி மீனவர் ஒருபுறமுமாக இருந்த அச்சதுப்பு நிலத்தில், தமிழ்நாட்டுத் தோல் வணிகரும் தோல் தொழிலாளரும் இவ்வாறு வேரூன்றினர்.

அவர்கள் எவ்வகை நிலத்தில் வேரூன்றினர் என்பதையும் மறத்தலாகாது. கடல் நீர் ஏறி இறங்கும் சேற்றைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியவர் அவர்களே. சுண்ணாம்பு நீரில் நாள் முழுதும் நின்ற கால்கள் வெடிக்கும், கைத்தோல் உரியும், பட்டைநீரின் கறை நகத்தினின்று நீங்காது. ஊரிலே தோலைத் தொட்ட காரணத்தால் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர்க்கு, நகரத்திலே அத்தோலே வாரக்கூலியைத் தந்தது. இழிவு நகரத்தில் முற்றும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எனினும், தன் கூலியைத் தானே எண்ணிப் பெற்று, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் உரிமை, பிறந்த ஊரில் கிட்டாத உரிமையாகவே பலர்க்கு இருந்தது.

ஆவாரையின் ஆட்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்க நேட்டால் பகுதியினின்று 'வாட்டில்' மரத்தின் பட்டை கப்பலில் வந்து இறங்கியது. ஆவாரையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு துவர்ப்பொருள் உடையது அது. ஆகவே குறைந்த பட்டையில் மிகுந்த தோலைப் பதனிட முடிந்தது. 1946ஆம் ஆண்டில், அந்நாட்டு இந்தியர்க்கு இழைக்கப்பட்ட நிறக்கொடுமையைக் கண்டித்து இந்திய அரசாங்கம் தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை நிறுத்தியது. பின்னர் நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் தோப்புகள் பரந்தன. மலைவாழ் மக்கள் சீகைமரம் என்று அழைக்கும் அம்மரம், நட்ட இடத்தோடு நில்லாமல் மலைப்புல்வெளிகளை விழுங்கியது. அதனை அகற்றும் வேலை இன்றும் முடியவில்லை. வறண்ட வரப்பில் நின்ற ஆவாரையோ எந்தப் புல்வெளியையும் கெடுத்ததில்லை.

மற்றொரு போட்டி வேதியியலிலிருந்து வந்தது. 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பாற் பதனிடும் முறைக்கு உரிமம் பெற்றார். வாரக்கணக்கில் நடந்த வேலையை நாள்கணக்கில் முடிக்கும் முறை அது. சாட்டர்டன் அம்முறையைச் சென்னையில் தொடங்கி வைத்தார். சென்னைக்குத் தெற்கேயுள்ள குரோம்பேட்டை அத்தொழிலாற் பெயர் பெற்ற ஊரே. இன்று உலகத் தோலில் மிகப் பெரும் பகுதி குரோமியத்தாற் பதனிடப்படுவதாகும். விரைவோடு வேறொரு கேடும் வந்தது. குரோமியமும் உப்பும் கலந்த கழிவுநீர் வேலூர் மாவட்டத்துப் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இது குறித்துப் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது.

தாராவியிலும் காலம் மாறியது. 1971ஆம் ஆண்டில் இறைச்சிக் கூடம் பாந்திராவினின்று செம்பூருக்கு அப்பாலுள்ள தேவனாருக்குச் சென்றது. ஒரு காலத்தில் நகரத்தின் விளிம்பாக இருந்த தாராவி, நகரம் வடக்கே வளர்ந்தமையால் அதன் நடுவிடமாகிவிட்டது. பதனிடும் கூடங்கள் ஒவ்வொன்றாக அகன்றன. பதனிடுதல் நின்றாலும் தோல் நிற்கவில்லை. வேறிடங்களிற் பதனிட்ட தோலைக் கொண்டு பை, இடுப்புவார், பணப்பை முதலியன தைக்கும் சிறு பட்டறைகள் அங்கே பெருகின. சயான் பக்கமிருந்து தாராவிக்குள் நுழைவோர் வரிசையாகக் காணும் தோற்பொருட் கடைகள் அப்பழைய குழிகளின் வழித்தோன்றல்களே. அங்கு வாங்கும் பையைப் பிற மாநிலத்து உறவினர்க்குப் பரிசளிக்கும் நம்மில் எத்தனை பேர் அந்தத் தொடர்ச்சியை நினைக்கிறோம்?

மாதுங்காவின் கதையை நாம் நன்றாக அறிவோம். எழுத்தரும், சுருக்கெழுத்தரும், கணக்கரும், ஆசிரியரும் அங்குக் குடியேறியதையும், 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதையும், கச்சேரிகளையும், காப்பிக் கடைகளையும் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். அவ்வரலாறு எழுதுகோல் பிடித்தவர் வரலாறு; ஆதலின் எழுதப்பட்டது. அதற்கு ஏறத்தாழ அரைநூற்றாண்டுக்கு முன்னரே, நடந்து போகும் தொலைவில், சுண்ணாம்புக் குழியில் நின்ற தமிழரின் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. எழுதுகோல் பிடித்த கூட்டத்தைச் சேர்ந்தவனாகிய நானும் அதற்கு விலக்கல்லன். செம்பூரிலிருந்து அலுவலகத்திற்குச் செல்லும் வழியில், தாராவியை வண்டிச் சன்னல் வழியே பல்லாண்டு பார்த்தும், 'தர்வட்' என்னும் ஒரு சொல் இடறும் வரை கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டதில்லை.

இன்று அக்கேள்விக்குப் புதிய அவசரம் உண்டு. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடந்துவருகின்றது. எவர் எத்தனை ஆண்டாக அங்கு இருக்கிறார், எவர்க்கு அங்கேயே வீடு, எவர்க்கு வேறிடம் என்று கணக்கெடுக்கும் காலம் இது. அரசாங்கக் கணக்கிற்குத் தாள் வேண்டும்; அது முறையே. ஆயினும், நான்கைந்து தலைமுறையாக ஓரிடத்தை நிலமாக்கி ஊராக்கியவர்களைப் பற்றி, அவர்கள் நேற்று வந்து ஒண்டியவர்கள் என்று நம்மவரே பேசுவது முறையன்று. முதல் உரிமை அவர்களுடையதா என்பதை வழக்கறிஞர் ஆராயட்டும். முதல் உழைப்பு அவர்களுடையது என்பதை வரலாறு அறிந்தோர் சொல்லியாக வேண்டும்.

ஆவாரையின் எதிர்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். அதனை வளர்ப்பதில் இடர்ப்பாடு ஏதுமில்லை. விதையின் தோல் கடினமாதலின், வெந்நீரில் ஊற வைத்து மழைக்கு முன் விதைத்தால் முளைக்கும். களரும் சரளையும் கலந்த நிலத்திலும் வேர் பிடிக்கும். ஆடுமாடுகள் பெரும்பாலும் கடிப்பதில்லை. ஆதலின் வேலியும் தேவையில்லை. இரண்டு மூன்று ஆண்டில் கிளைகள் பட்டைக்கு ஆகும்; அடியோடு வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும். இலையை வயலுக்குத் தழையுரமாக இடலாம். பூவை உலர்த்தி விற்கும் வாணிபமும் இப்போது உண்டு. குரோமியத்தின் கேட்டைக் கண்ட உலகம் தாவரத் துவர்ப்பொருள்களை மீண்டும் நாடத் தொடங்கியிருக்கிறது. சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இத்துறை ஆராயப்பட்டு வருகின்றது. பழைய அளவில் ஆவாரை திரும்பி வருமென்று எதிர்பார்க்க இயலாது. ஆனால் அதன் தேவை முற்றும் தீர்ந்துவிடவில்லை.

தைத்திங்கள் முதல்நாளில் தாராவியின் 90 அடிச் சாலைக்குச் சென்று பாருங்கள். வரிசை வரிசையாக அடுப்பு மூட்டித் தமிழ்ப் பெண்கள் பொங்கல் வைப்பதைக் காணலாம். மாதுங்காவிலோ செம்பூரிலோ வாழும் அன்பர்கள் அன்றைக்கு ஒருமுறை அங்குச் சென்று, வயது முதிர்ந்தவர் எவரையேனும் கண்டால், "ஐயா, பட்டைக் குழியில் வேலை செய்தவர் உங்கள் வீட்டில் இருந்ததுண்டா?" என்று வினவட்டும். அவர் கூறுவதைக் குறித்துக் கொள்ளட்டும். நம் பிள்ளைகளுக்கு மும்பைத் தமிழர் வரலாறு சொல்லும்போது, எழுதுகோலோடு அந்தக் கத்தியையும், காப்பிக் கொட்டையோடு அந்த ஆவாரம் பட்டையையும் சேர்த்துச் சொல்வோமாக.